ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட்?

பைக் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "மைலேஜ் என்ன தரும்?" என்பதுதான். ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர் அதைக் கேட்பதே இல்லை. "ஒரு எச்.பி. மோட்டார் இழுக்குமா?" என்கிறார். "தாராளமா இழுக்கும்" என்று பதில் வந்ததும் பணத்தைக் கட்டி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகு புயல் வருகிறது, கரண்ட் போகிறது. மூன்றாம் நாள் பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்கும்போதுதான் மைலேஜ் ஞாபகம் வருகிறது.

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் பக்கம் இந்தப் பேச்சு அதிகம் கிளம்பியது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய அந்தப் புயல், போகிற வழியைப் பார்க்காமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிய மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களில் கரண்ட் திரும்ப நாள்கணக்கானது. அப்போது ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தெருவில் ராஜா மாதிரி இருந்தார்கள், பெட்ரோல் இருந்தவரைக்கும்.

பஸ் நிலையத்துப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சமீபத்தில் இதைத்தான் கேட்டார்.

"தம்பி, நம்ம வீட்டு மிஷினு குடிகார மிஷினா இருக்கு. ராத்திரி பூரா ரெண்டு ஃபேனும் நாலு லைட்டும்தான் ஓடுச்சு. மோட்டார்கூட போடல. காலையில பாத்தா ஆறு லிட்டர் காலி. கார்புரேட்டர்ல ஏதாவது கோளாறா?"

அவருடையது இரண்டு கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர், பழைய ரகம். கார்புரேட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ரகம் அவ்வளவு சின்ன லோடில் அவ்வளவுதான் குடிக்கும். ஏன் என்று சொல்ல ஒரு டீ போதாது, அவரே இரண்டாவதும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வரும் மொத்த வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்பது. வீட்டு ஜெனரேட்டர் அதிலிருந்து பிளக்குக்குக் கொண்டுவந்து தருவது, நன்றாக லோடு கொடுத்து ஓட்டினால், ஒன்றரை யூனிட். மீதி ஏழரையும் சைலன்சர் வழியாகவும், சிலிண்டரைச் சுற்றிய தகட்டு மடிப்புகள் வழியாகவும் சூடாகவே போகிறது. கிட்டே கையைக் கொண்டுபோனால் தெரியும். இது உலகத்துக்கே பொதுவான கணக்கு. சின்ன பெட்ரோல் என்ஜினில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அந்த ஒன்றரையும் நல்ல லோடு இருந்தால்தான். அதுதான் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு ஜெனரேட்டரின் உள்ளே சுழலும் காந்தம் அந்த 50-ஐத் தர வேண்டுமானால், என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பூஜை அறை பல்பு எரிந்தாலும் 3,000. மோட்டாரும் மிக்ஸியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து இழுத்தாலும் அதே 3,000. சுற்று குறையப் பார்த்தால் கவர்னர் உடனே பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆக பிஸ்டன் ஏறி இறங்கும் உராய்வு, காற்றை உறிஞ்சித் தள்ளும் வேலை, தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளச் சுற்றும் விசிறி, இவ்வளவுக்கும் ஒவ்வொரு நிமிடமும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கிறது. பிளக்கில் எதையும் செருகாவிட்டாலும் போகும்.

அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள் அல்லவா? வரும்போது படியில் தொங்கும் கூட்டம். இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பும்போது உள்ளே டிரைவரும் கண்டக்டரும் மட்டும். அதற்காக டீசல் போடாமல் திரும்ப முடியுமா? முழு ஜெனரேட்டரில் இரண்டு ஃபேன் ஓட்டுவது அந்தக் காலி பஸ்தான்.

எண்களில் பார்க்கலாம். அமெரிக்காவில் பரவலாக விற்கும் ஹோண்டாவின் இ.யு. 2200 ஐ என்ற ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் கணக்கு இது. டேங்க் 3.6 லிட்டர். முழு லோடு, அதாவது 1,800 வாட் கொடுத்தால் 3.2 மணி நேரம் ஓடும். கால் லோடு, அதாவது 450 வாட் கொடுத்தால் 8.1 மணி நேரம். லோடு நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் ஓடும் நேரம் நாலு மடங்காக வேண்டும், 12.8 மணி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முழு லோடில் லிட்டருக்கு 1.6 யூனிட் கொடுத்த அதே மிஷின் கால் லோடில் 1 யூனிட்தான் கொடுக்கிறது. இத்தனைக்கும் இது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். லோடு குறைந்தால் என்ஜின் தானாகவே சுற்றைக் குறைத்துக்கொள்ளும், 50 ஹெர்ட்ஸையோ 60 ஹெர்ட்ஸையோ எலக்ட்ரானிக் பலகை பார்த்துக்கொள்ளும். நம்மூர்க் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கும் பழைய ரகத்தில் அந்த வசதி இல்லை. முழு லோடில் குடிப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சும்மா ஓடுவதற்கே குடிக்கும்.

அண்ணனின் கணக்கை இப்போது போட்டுப் பார்த்தோம். ஃபேன் ஒன்றுக்கு 75 வாட், இரண்டுக்கு 150. எல்.இ.டி. பல்பு நாலும் செல்போன் சார்ஜரும் சேர்த்து 50. ஆக 200 வாட். பத்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். இரண்டு யூனிட்டுக்கு ஆறு லிட்டர். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது என்றால் அறுநூறு ரூபாய். யூனிட் முந்நூறு ரூபாய்.

"ஈ.பி.காரன் எவ்ளோ வாங்குறான்?" என்றார்.

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் 2016-லிருந்து இலவசம். அதற்குமேல் ஐந்து ரூபாய்க்குள் தொடங்குகிறது. அவர் பதில் சொல்லவில்லை, பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த மிஷினை அவர் ஏன் வாங்கினார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். வீட்டில் ஒரு எச்.பி. மோட்டார் இருக்கிறது. ஓடும்போது அது இழுப்பது ஆயிரம் வாட்டை ஒட்டித்தான். ஆனால் ஸ்டார்ட் ஆகும் ஒரு நொடியில் மூன்று நாலு மடங்கு கேட்கும். அந்த நொடியில் ஜெனரேட்டர் "ம்ம்ம்" என்று முனகி, லைட்டெல்லாம் மங்கி, பிறகு மூச்சு விட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லோரும் பெரிய மிஷின் வாங்குகிறார்கள். மோட்டார் ஓடப்போவது ஒரு நாளைக்கு அரை மணி. மீதி நேரமெல்லாம் அந்தப் பெரிய மிஷின் இரண்டு ஃபேனுக்காகக் கத்திக்கொண்டு நிற்கிறது. வாங்கும்போது மோட்டார் அளவு, ஓட்டும்போது ஃபேன் அளவு. பெட்ரோல் கசிவது இந்த இடைவெளியில்தான்.

இதைக் கரைத்துக் குடித்தவர்கள் திருவிழாவுக்கு லைட் போடுகிறவர்கள். ஒரு ஜெனரேட்டரை ஓரமாக நிறுத்தி, அதிலிருந்து பூக்கடை, வளையல் கடை, பொரிக்கடை என்று வரிசையாக வயர் இழுத்து, பல்புக்கு இவ்வளவு என்று ராத்திரி வாடகை வாங்குவார்கள். பல்பு கூடக் கூட அவர்களுக்குப் பெட்ரோல் செலவு கொஞ்சம்தான் கூடும், வாடகை அப்படியே கூடும். காலி பஸ் ஓட்டுவதில்லை என்பதே அவர்கள் தொழில். புயல் நாளில் தெருவுக்கு நாலு வீட்டில் நாலு ஜெனரேட்டர் தனித்தனியாக முழங்குவதைக் கேட்கும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும். 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரிலும், 2018 கஜாவுக்குப் பிறகு டெல்டாவிலும், மணிக்கு இவ்வளவு என்று ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து வீடு வீடாக மேல்தொட்டியை நிரப்பிவிட்டு நகர்ந்தார்கள். தண்ணீருக்கு மட்டும் ஜெனரேட்டர் தேவைப்படுகிறவர் சொந்தமாக வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. குறைந்த பெட்ரோலில் எப்படி ஓட்டுவது?

மணிக்கணக்கைக் குறைக்க வேண்டும், லோடைக் கூட்ட வேண்டும். காலையில் ஒன்றரை மணி, சாயங்காலம் ஒன்றரை மணி, அவ்வளவுதான். காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் சும்மா விட்டு, முதலில் மோட்டாரை மட்டும் போடுங்கள். கூடவே வேறெதுவும் வேண்டாம். அது எழுந்து ஓடத் தொடங்கியதும் ஃபிரிட்ஜ். தொட்டி நிரம்பி மோட்டார் நின்றதும் மிக்ஸி, கிரைண்டர். அந்த நேரம் முழுக்க எல்லா செல்போனும், இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜில் இருக்கட்டும். இப்படி ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர் போதும். இரவும் பகலும் விடாமல் ஓட்டினால் அதே மிஷின் பதினாலு லிட்டர் கேட்கும்.

"ஃபிரிட்ஜு கெட்டுப் போயிடாதா?" என்று அண்ணன் கேட்டார், பால் வியாபாரம் அல்லவா. கதவைத் திறக்காமல் விட்டால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சியைக் காப்பாற்றும். ஃப்ரீசர் நிறையச் சாமான் இருந்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். ஃப்ரீசரின் காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை அடுக்கி முன்பே உறையவைப்பது நல்ல யோசனை. பாலை மட்டும் அந்தப் பக்கம் மாற்றிவிட வேண்டியதுதான்.

இரவுக்கு ஜெனரேட்டரே கூடாது என்பது என் கட்சி. இரவுக்குப் பேட்டரி. நம் வீடுகளில் இருக்கும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட், பெருக்கினால் 1.8 யூனிட். உள்ளபடி கைக்கு வருவது 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட் லோடுக்கு ஆறு மணி நேரம். இதே வீட்டில் பழைய ஃபேன் இரண்டையும் மாற்றி, 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் மொத்த லோடு 110 வாட்டுக்கு வந்துவிடும், கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம். ஜெனரேட்டர் வாங்க ஒதுக்கிய பணத்தில் முதல் ஆறேழாயிரத்தை ஃபேனுக்குச் செலவழியுங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஃபேன் சத்தமில்லாமல் ஓடுகிறது, ஜெனரேட்டர் சத்தமாக ஓடுகிறது, அதனால் அதற்குத்தான் மரியாதை.

பேட்டரியிலும் ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏற்றும் வேகம் மெதுவானது, 200 வாட்டை ஒட்டித்தான். மூன்று மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினால் ஏறுவது அரை யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டும் லைட்டும் நாலைந்து மணி நேரம் ஓட அது போதும், பழைய ஃபேனுக்குப் போதாது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தில் எல்லோரும் இதைத்தான் அனுபவித்தோம். ஒரு மணி நேரம் வரும், அடுத்த ஒரு மணி நேரம் போகும். பேட்டரி நிரம்பவே நிரம்பாது, "இன்வெர்ட்டர் வேஸ்ட்" என்று கடைக்காரனைத் திட்டுவோம். கூடவே இன்னொன்று: ஜெனரேட்டரில் வரும் கரண்ட் ஏறி இறங்கும், அதனால் இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜ் ஏறுவதாக நினைத்து நாம் உட்கார்ந்திருப்போம். பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யூ.பி.எஸ். என்றும் நார்மல் என்றும் எழுதியிருக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது அதை நார்மலுக்குத் தள்ளிவிட்டு, சார்ஜ் லைட் எரிகிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது.

மாடியில் சோலார் போட்டிருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். மானியத்தில் போடும் பெரும்பாலான அமைப்புகள் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுபவை. லைனில் கரண்ட் இல்லை என்றால் வெயில் கொளுத்தினாலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் என்றால் கதை வேறு.

அதே லைன்மேன் நம் ஜெனரேட்டராலும் சாகலாம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரை ஜெனரேட்டரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் செருகி, "வீடு பூரா எரியுது பார்" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அது 230 வோல்ட்டாகப் போகாது, திருப்பி ஏற்றப்பட்டு 11,000 வோல்ட்டாகப் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிட்டால் ஈ.பி.யும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. விலை பெரிதல்ல.

டீசல் பற்றியும் அண்ணன் கேட்டார். டீசல் ஜென்செட் லிட்டருக்கு மூன்று யூனிட் வரை தரும், பெட்ரோலைப்போல் இரு மடங்கு. கல்யாண மண்டபத்துக்கும் அரிசி ஆலைக்கும் அதுதான் சரி. வீட்டுக்கு வாங்கி இரண்டு ஃபேனுக்கு ஓட்டினால், சூடு போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து சைலன்சரில் கரியும் எண்ணெயுமாகச் சேரும். மூன்றில் ஒரு பங்கு லோடாவது இல்லாமல் டீசலைத் தொடாதீர்கள்.

உங்கள் மிஷின் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் வேண்டாம். சமதரையில் வைத்து டேங்கைக் கழுத்து வரை நிரப்புங்கள். தெரிந்த லோடு ஒன்றைக் கொடுத்து, உதாரணத்துக்கு 1,000 வாட் அயர்ன் பாக்ஸ், சரியாக ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அயர்ன் பாக்ஸ் நடுநடுவே தானாக அணையும் என்பதால் ஈரத் துணியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது வாட்டர் ஹீட்டர் ராடை ஒரு பெரிய அண்டாத் தண்ணீரில் போடலாம். நிறுத்தி, ஆறவிட்டு, அளவுக்குவளையால் திரும்பக் கழுத்து வரை ஊற்றுங்கள். ஊற்றியது எவ்வளவோ அதுதான் உங்கள் மைலேஜ். இன்னொரு நாள் இரண்டு ஃபேனுக்கு மட்டும் இதே மாதிரி பாருங்கள். இரண்டு எண்ணையும் மிஷின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடலாம். ஒன்று கவனம்: இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு வெப்பம் ஆறேழு சதவீதம் குறைவு. பழைய புத்தகத்தில் போட்ட மணிக்கணக்கு இப்போது அப்படியே வராது.

ஆறவிட்டு என்று சொன்னதை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் பெட்ரோல் ஊற்றுவதும், நிறுத்திய கையோடு ஊற்றுவதும் சைலன்சர் மேல் தீயை ஊற்றுவதுதான். கால் மணி நேரம் பொறுங்கள்.

பெட்ரோல் சேர்த்து வைப்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்குமேல் கூடாது. வாட்டர் பாட்டிலை நீட்டினால் பங்கில் தர மறுப்பார்கள், மறுப்பதுதான் சரி. இறுக்கி மூடும் உலோக கேன் வேண்டும், அதையும் சமையலறையிலோ சாமி மாடம் பக்கத்திலோ வைக்கக் கூடாது.

மழையில்தான் பெரிய தப்பு நடக்கிறது. ஃபெஞ்சல் மாதிரி மழை கொட்டும்போது மிஷின் நனையும் என்று திண்ணைக்கும் நடைக்கும் உள்ளே இழுத்து வைத்துவிடுகிறார்கள். என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவனை எழுப்பவும் எழுப்பாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. போட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பதெல்லாம் பதில் இல்லை. வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, வாசலும் ஜன்னலும் இல்லாத பக்கம் புகைக்குழாய் திரும்பியிருக்க வேண்டும். மேலே நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போட்டால் போதும், சுற்றிச் சுவர் வேண்டாம். அண்ணன் வீட்டில் எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். நடையில் என்றார். பெட்ரோல் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு, இரவில் ஓட்டாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும் என்றேன்.

கரண்ட் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லோரும் சாவியை அணைத்துத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் சில மாதத்தில் பிசினாகி ஜெட்டை அடைத்துவிடும். எத்தனால் கலந்ததில் ஈரமும் சேரும். அதனால் கடைசி முறை ஓட்டும்போது டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் திருகை மூடிவிட்டு, மிஷின் தானாக இருமி நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் அடியில் உள்ள சின்ன போல்ட்டைத் தளர்த்தினால் மிச்சச் சொட்டும் வந்துவிடும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் லோடோடு ஓட்டிப் பாருங்கள். டேங்கிலும் கேனிலும் மிஞ்சியதைப் பைக்கில் ஊற்றி ஓட்டிவிடலாம்.